உடையாத கட்டு: வன்னியில் வாழ்ந்த ஒரு நீர்ப்பாசனப் பொறியியலாளர் பற்றிய நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நீர்ப்பாசனப் பொறியியலாளராகக் கடமையாற்றி, ஓய்வுக்குப் பின்னரும் அதே சிற்றூரில் இருந்து, அண்மையில் காலமான ஒருவரின் தொழில் வாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. அவர் புதிதாக ஒரு குளத்தையும் கட்டவில்லை. திறப்பு விழாக் கல்வெட்டு எதிலும் அவர் பெயர் பொறிக்கப்படவில்லை. அவருடைய பொறுப்பில் இருந்த நடுத்தரக் குளமொன்றின் கட்டு, சீமெந்தும் எரிபொருளும் கிடைக்காத ஆண்டுகளிலும், அலுவலகமே இடம்பெயர்ந்து திரிந்த ஆண்டுகளிலும், 2008 கார்த்திகை (நவம்பர்) புயலின்போதும் உடையவில்லை என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் நிகழ்வு. நடக்காத ஒன்றை நிகழ்வென்று ஆராயலாமா என்று சிலர் கேட்கக்கூடும். உடைந்த அணைகளுக்கு விசாரணைக் குழுவும் அறிக்கையும் உண்டு. உடையாமல் நின்ற கட்டுக்கு எவரும் அறிக்கை எழுதுவதில்லை. பராமரிப்பு என்ற தொழில் நம்மிடையே மதிப்பிழந்து போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

குடும்பத்தாரின் விருப்பப்படி அவருடைய பெயரையும் குளத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். ஊர் அவரை 'இஞ்சினியர் ஐயா' என்றது; அவருக்குக் கீழே தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த நான் 'சேர்' என்றேன். அவர் எழுதிவைத்த சீ.ஆர். கொப்பிகள் எனப்படும் தடித்த அட்டைக் குறிப்பேடுகள், மனைவியும் மகள்மாரும் சொன்னவை, கமக்காரர் சிலரின் நினைவுகள், நான் நேரில் கண்டவை ஆகியவையே இதற்கு ஆதாரம்.

பின்னணி

வன்னிக்குப் பெருநதி இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற வடகீழ்ப் பருவமழையே ஆண்டின் பெரும் வரவு. அதைப் பிடித்துவைத்தால்தான் கோடைக்கால நெற்செய்கையான சிறுபோகம் என்ற பேச்சே எழும். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. பின்னர் கட்டுப் படிப்படியாக உயர்த்தப்பட்டு, எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பின் அதன் கொள்ளளவு ஒரு இலட்சம் ஏக்கர் அடியைத் தாண்டியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமின்மைக்கும் வேலையின்மைக்கும் மாற்றாக 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் உருவானபோதும், வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பழங்குளங்கள் திருத்தப்பட்டுப் புதிய கமக்காரர் அமர்த்தப்பட்டபோதும், நிலத்தோடு அவர்களுக்குக் கிடைத்தது குளத்து நீரில் ஒரு பங்கு. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து சேர்ந்தவர்களில் பலருக்கோ அந்தப் பங்கும் கிடைக்கவில்லை. அவர்கள் வாய்க்கால் கடைக்கோடியிலும் வாய்க்காலுக்கு அப்பாலும் வாழ்ந்தார்கள்.

பெரிய குளங்களை நாடு அறியும். நம் பொறியியலாளர் தம் வாழ்நாளைச் செலவிட்டது அவற்றுக்கு அடுத்த நிலையில், சில நூறு ஏக்கருக்கு நீர் கொடுக்கும் குளங்களில். இவை பெரும்பாலும் தொடராக அமைந்தவை. மேற்குளம் நிறைந்து, மிகை நீரை வெளியேற்றும் வழியான வான் பாய்ந்தால் அந்த நீர் கீழ்க்குளத்துக்கு வரும். மேற்குளம் உடைந்தால் வெள்ளமும் அப்படியே கீழ்க்குளத்தின் மேல் விழும். ஆகவே ஒரு கட்டைக் காப்பவர் மேலேயுள்ள குளங்களின் நிலையையும் அறிந்திருக்க வேண்டும். இந்தக் கடமை எந்த நியமனக் கடிதத்திலும் எழுதப்பட்டிருக்காது.

அவர் குடாநாட்டில் பிறந்து, கட்டுபெத்தையில் பொறியியல் படித்து, எழுபதுகளின் நடுப்பகுதியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் சேர்ந்தவர். வன்னி நியமனத்தை அக்காலத்தில் பலர் தண்டனையாகவே கருதினார்கள். நுளம்பும் மலேரியாவும் யானையும் அதற்குப் போதிய காரணங்களாக இருந்தன. 1983க்குப் பின் அவருடன் படித்தவர்கள் நைஜீரியா, சாம்பியா, அவுஸ்திரேலியா என்று போய்விட்டார்கள். அவர் ஏன் போகவில்லை என்று பலமுறை கேட்கப்பட்டிருக்கிறார். அவருடைய மனைவி, ஊர்ப் பாடசாலையின் கணித ஆசிரியை, என்னிடம் சொன்ன விடை வேறு விதமானது: "போறதுக்குத்தான் யோசிச்சவர். ஒவ்வொரு முறையும் மழைக்காலம் முடியட்டும் எண்டு சொல்லுவார். மழை முடிய சிறுபோகக் கூட்டம் வந்திடும்." தியாகம் என்ற சொல்லை இரங்கலுரைகளில் அவர்மேல் தாராளமாகப் பொழிந்தார்கள். எனக்கு மனைவியின் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

கட்டைப் பார்க்கும் முறை

மண்கட்டு எப்படி உடைகிறது என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும். நீர் கட்டின் மேலால் வழிந்து வெளிச்சரிவை அரித்துக் கொண்டுபோவது ஒரு வழி. இதைத் தடுப்பது வான். நிறைந்த நீரை வான் வெளியேற்றிவிட்டால் முகட்டுக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே சில அடி உயரம் எப்போதும் மிஞ்சியிருக்கும். மற்றது கண்ணுக்குத் தெரியாத வழி. கட்டின் உள்ளே ஊறும் நீர், போகும் பாதையில் மண் துகள்களையும் இழுத்துக்கொண்டு வெளியேறினால், வெளிப்புற அடியில் தொடங்கும் சிறு துளை நாளடைவில் உள்நோக்கி நீண்டு, குழாய்போல் குளத்தைத் தொட்டுவிடும். அதன்பின் கட்டைக் காப்பாற்றச் சில மணி நேரமே கிடைக்கும். குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகான துருசின் சுவரும் மண்ணும் சேருமிடம், முன்பு உடைந்து அடைத்த இடம், இற்றுப்போன மரவேர், உடும்பும் எலியும் தோண்டிய வளை ஆகியவையே இந்த ஆபத்துப் பெரும்பாலும் தொடங்கும் இடங்கள்.

கட்டு ஊறாமல் இருக்க முடியாது என்பதை அவர் முதலில் எங்களுக்குப் புரியவைத்தார். ஊறும் நீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கி வருகிறதா என்பதுதான் கேள்வி. அதற்காக அவருடைய மோட்டார் சைக்கிள் பையில் எப்போதும் இரண்டு வெள்ளைக் கண்ணாடிப் போத்தல்கள் இருக்கும். கசிவு வாயில் ஒன்றை நிரப்பி, திகதி எழுதிய துண்டொன்றை ஒட்டி, அலுவலக யன்னல் விளிம்பில் ஓர் இரவு வைத்துவிடுவார். காலையில் அடியில் மண் படிந்திருந்தால் அதன் தடிப்பை விரலால் அளந்து கொப்பியில் எழுதுவார். விலை உயர்ந்த கருவி எதுவும் அவரிடம் இருந்ததில்லை. ஒரே இடத்தின் போத்தலை ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை இருந்தது.

மழைக்காலத்தைப் போலவே ஆவணியிலும் கட்டின் வெளிப்புறத்தை நடந்து பார்ப்பார். சோளகக் காற்றில் எல்லாப் புல்லும் காய்ந்து கிடக்கையில் ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே உள்ளிருந்து ஈரம் வருகிறது என்று பொருள். அப்படியான பச்சைத் திட்டுக்களைத் துருசிலிருந்து எத்தனை அடி தூரம் என்று அளந்து குறித்துவைத்திருக்கிறார். இதே பழக்கம் ஊர்க்காரருடன் ஒரு வழக்கையும் கொண்டுவந்தது. கட்டின் வெளிச்சரிவில் ஒரு மருதமரமும் அதன் கீழே பிள்ளையாரும் இருந்தன. துருசு திறக்கும் முதல் நாள் அங்கேதான் பொங்கல். மரம் சாயும் நிலைக்கு வந்தபோது, மேலிருந்து வந்த அறிவுறுத்தல் அதைத் தறிக்கச் சொன்னது. தறித்தால் ஊர் பகையாகும். அதோடு, தறித்த மரத்தின் வேர் சில ஆண்டுகளில் இற்று உள்ளே வெற்றிடம் விடும் என்று அவர் வாதிட்டார். மரத்தின் கிளைகளைக் குறைத்து, வேர் ஓடிய பகுதிக்கு வெளியே மணலும் கிறவலும் பரப்பி, அதற்கு மேல் பாரமாக மண் அணைத்துச் சரிவை அகலப்படுத்தினார். பிள்ளையார் சில அடி தள்ளிப் புதிய மேட்டில் அமர்ந்தார். அவர் தீவிர பக்தரல்லர் என்பதை அறிந்தவர்களுக்கு அன்றைய பொங்கலில் அவர் வேட்டியோடு நின்றது வேடிக்கையாக இருந்தது.

தடைக் காலம்

1990க்குப் பின் வன்னிக்குள் சீமெந்து, டீசல், பெற்றோல், மின்கலம் போன்றவை வருவதற்குத் தடையோ கடும் கட்டுப்பாடோ இருந்தது. அரச ஊழியருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. வேலை செய்யப் பொருள் வரவில்லை. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது, அல்லது ஓடாமல் நின்றது. அவர் துவிச்சக்கர வண்டிக்கு மாறினார். துருசுக் கதவின் விளிம்பில் நீர் ஒழுகுவதைத் தடுக்கும் இறப்பர் பட்டி இற்றுப்போனபோது, பழைய லொறி ரயரின் உட்பக்கத்தைச் சீவி எடுத்துப் பொருத்தினோம். கதவைத் தூக்கும் திருகுத் தண்டுக்கு உழவு இயந்திரத்தில் வடித்த கழிவு ஒயில். கதவு முற்றாகச் சிக்கிய ஒரு பருவத்தில், துருசின் முன் பாலைமரப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, இடைவெளிக்குக் களிமண்ணும் வைக்கோலும் அடைத்து நீரை மறித்துவிட்டு, உள்ளே இறங்கி வேலை செய்தோம்.

இத்தகைய கைவேலைகளைப் புகழ்ந்து பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவருக்கு அது பிடிக்காது. தற்காலிகத் திருத்தம் ஒவ்வொன்றையும் கொப்பியின் பின்பக்கத்தில் கடன் கணக்குப் போல எழுதி, சரியான பொருள் கிடைத்ததும் முறையாகத் திருத்தவேண்டியவை என்று வரிசைப்படுத்தியிருந்தார். 2002 மாசியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, சித்திரையில் ஏ-9 வீதி திறந்து, சீமெந்து வரத் தொடங்கியதும் அவர் முதலில் எடுத்தது அந்தப் பட்டியலைத்தான். புதிய வேலைகளுக்கு உதவி வழங்க நிறுவனங்கள் தேடிவந்த காலம் அது. பழைய துருசின் இறப்பர் பட்டிக்கு உதவி கேட்ட அவரைச் சிலர் விசித்திரமாகப் பார்த்தார்கள்.

1996இல் கிளிநொச்சி நகரத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது அலுவலகமும் குடும்பமும் மேற்கே போயின. அப்போது கோப்புகளில் பெரும்பகுதி கைவிடப்பட்டது. கட்டின் பழைய வரைபடம், வான் மட்டத்தின் அளவுப் பதிவு, முன்பு எங்கே உடைந்தது என்ற விபரம் எல்லாம் போயின. சீ.ஆர். கொப்பியில் அவர் ஆரம்பத்திலிருந்து ஒழுங்காக எழுதத் தொடங்கியது அந்த இடப்பெயர்வுக்குப் பின்னர்தான். இழந்தவற்றில் நினைவிலிருந்தவற்றை முதல் கொப்பியின் தொடக்கப் பக்கங்களில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உறுதி', 'ஏறத்தாழ', 'கேள்வி' என மூன்றில் ஒன்றைக் குறித்தார். பதிவேடு என்ற வகையில் நான் கண்டவற்றுள் மிக நேர்மையான பக்கங்கள் அவை.

முற்றத்து மழைமானி

அந்தக் கொப்பிகளில் நான்கு பேரின் கையெழுத்து இருக்கிறது. அவருடைய குடும்பம் பற்றி எழுத வேண்டியதை இதிலிருந்து தொடங்குவது தகும்.

மழை அளவு நாள்தோறும் காலை 8.30க்கு வாசிக்கப்பட வேண்டும். அலுவலக மழைமானி தொலைந்த பின், அவர் வீட்டு முற்றத்தில் ஒன்று செய்து நட்டார். மேலே 6 அங்குல வாய் கொண்ட தகரப் புனல். கீழே 2 அங்குல விட்டமுள்ள உருளை. வாயின் விட்டம் மூன்று மடங்கு என்பதால் பரப்பு ஒன்பது மடங்கு. ஆகவே உருளையில் 9 அங்குலம் நின்றால் பெய்தது 1 அங்குலம். மூத்த மகள் விகிதசமன் படித்தது பாடப் புத்தகத்தில் அல்ல, இந்தத் தகரத்தில்தான் என்று அந்த மகளே சொன்னார். ஒன்பதால் வகுக்கும் வேலையைச் சனி, ஞாயிறுகளில் மகளிடம் விட்டுவிடுவார். தசமத்தில் பிழை விட்டால் அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு விழும், விளக்கம் இராது. பாடசாலை நாட்களில் மனைவியும் பிள்ளைகளும் அந்நேரம் வகுப்பில் இருப்பார்கள், அவர் வெளியே நிற்பார். ஆகவே வாசிப்பு மாமியாரின் பொறுப்பானது. எழுத்து வாசிக்கத் தெரியாத அந்த அம்மா, உருளைக்குள் ஈர்க்கை விட்டு நனைந்த அளவில் ஒடித்து, அந்தத் துண்டைத் திகதிக் கடதாசியில் சுற்றி வைப்பார். மாலையில் மருமகன் அளந்து எழுதுவார். ஓரிரு பக்கங்களில் அந்த ஈர்க்குத் துண்டுகள் இப்போதும் ஒட்டியபடி இருக்கின்றன.

அவர் வீட்டில் அதிகம் பேசாதவர் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். வீட்டுக் கிணற்றின் நீர்மட்டமும் கொப்பியில் ஏறியது; மகனின் உயரமும் அதே பக்கத்தில், அதே மையில், அடி அங்குலத்தில் ஏறியது. அந்த மகனைத் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அவர் வெளிநாடு போய்விட்டார். கொப்பியில் உயரக் குறிப்பு நின்றுவிடுகிறது. வீதி திறந்த பின் மகன் வந்து நின்ற நாளில் மறுபடி ஒரு வரி இருக்கிறது: 5 அடி 9 அங்குலம்.

மனைவி கொடுத்த விலை இரங்கலுரைகளில் பேசப்படவில்லை. அதிபர் தரத்துக்கான வாய்ப்புகள் வேறிடத்தில் வந்தபோது அவர் போகவில்லை. மழைக்காலத்தில் கணவர் வீட்டில் இருந்த இரவுகள் குறைவு. "இஞ்சருங்கோ, குளத்துக்கு ஒரு பாய் கொண்டுபோய்ப் போடுங்கோ எண்டு சொன்னனான், அடுத்த நாள் உண்மையாவே பாயோட வெளிக்கிட்டார்" என்று அவர் சிரித்தபடி சொன்னார். அந்தச் சிரிப்பை வைத்து அவருக்கு மனக்குறை இல்லை என்று எவரும் முடிவெடுக்கக் கூடாது.

2008 கார்த்திகை 25 இரவு

நிஷா புயல் வடக்கைத் தாக்கியபோது வன்னியின் மேற்கும் தெற்கும் போருக்குள் போய்விட்டிருந்தன. மக்கள் கிழக்கே நெருங்கி, மேட்டு நிலம் எது பள்ளம் எது என்று பாராமல் தறப்பாள் கொட்டில்களில் இருந்தார்கள். நான் குறிப்பிடும் குளத்தின் கட்டுக்குக் கீழேயும் அப்படிப் பல குடும்பங்கள். நீர்மட்டம் முகட்டுக்கு இரண்டடி வரை ஏறிவிட்டது. இருட்டிய பின், முன்பு உடைந்து அடைக்கப்பட்ட பகுதியின் அடியில், எறும்புப் புற்றுப் போல் வெள்ளை மணல் குவிந்து அதன் நடுவே நீர் கொதிப்பதைக் கண்டோம். அவர் போத்தலை நிரப்பி டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தார். கலங்கல்.

கூடியிருந்தவர்களுக்கு இயல்பாகத் தோன்றியது துளையைக் களிமண்ணால் இறுக அடைப்பது. ஒருவர் சாக்கோடு ஓடியும் வந்துவிட்டார். அவர் தடுத்தார். வாயை அடைத்தால் உள்ளேயுள்ள அழுத்தம் குறையாது. நீர் பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும், அது எங்கே என்று இருட்டில் தெரியாது. மண்ணை மறித்து நீரை மட்டும் விடவேண்டும். முதலில் மணல், அதன்மேல் சிறு கிறவல், அதன்மேல் கல் என வடிகட்டி போல் பரப்பச் சொன்னார். பிறகு அதைச் சுற்றி வட்டமாக மண்மூட்டை அடுக்கி, வட்டத்துக்குள் நீர் நிற்கும்படி உயர்த்தச் சொன்னார். குளத்தில் 15 அடி நீர் நிற்கையில் வெளியே 3 அடி நீரை நிறுத்தினால், உள்ளிருந்து தள்ளும் உயரவேறுபாடு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்த ஐந்தில் ஒன்று, மணலைத் தூக்கும் வேகத்துக்குக் கீழே ஓட்டத்தைக் கொண்டுவரப் போதுமானதாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொன்னார்.

மூட்டைக்கு எங்கே போவது? கொட்டில்களில் இருந்தவர்கள் தங்கள் பதுங்குகுழிகளின் மேல் அடுக்கியிருந்த மண் நிரப்பிய உரப்பைகளைப் பிரித்துத் தூக்கிவந்தார்கள். எறிகணைக்கு எதிரான காப்பை வெள்ளத்துக்கு எதிராகக் கொடுக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். மணல் ஒரு அரைகுறை வீட்டின் முற்றத்திலிருந்தும் கிறவல் வீதியோரத்திலிருந்தும் வந்தன.

அதே நேரத்தில் கட்டின் மறுமுனையை வெட்டிவிட்டால் பாரம் குறையும் என்று சிலர் மண்வெட்டியுடன் புறப்பட்டார்கள். வெட்டிய மண்கட்டு வெட்டிய அளவோடு நிற்காது. அவர் அவர்களை வானின் பின்னே இருந்த வாய்க்காலுக்கு அனுப்பினார்; அங்கே சம்பும் விழுந்த மரங்களும் அடைத்து நீர் பின்தேங்கியிருந்தது. கழுத்தளவு நீரில் நின்று அதைத் துப்புரவாக்கியவர்கள் பெரும்பாலும் அந்தக் குளத்தில் ஒரு பங்கு நீரும் இல்லாதவர்கள். விடியுமுன் நீர்மட்டம் ஏறுவது நின்றது. காலையில் வட்டத்துக்குள் நின்ற நீர் தெளிந்திருந்தது. அவர் புதிய போத்தலை நிரப்பித் திகதி ஒட்டினார். வைக்க யன்னல் இருக்கவில்லை, பிள்ளையார் மேட்டில் வைத்தார்.

இதில் அவருடைய பங்கு எவ்வளவு? மழை அன்றிரவே ஓயத் தொடங்கியது என்பதும், மேற்குளங்கள் தாங்கின என்பதும் அவர் கையில் இருந்தவையல்ல. இன்னும் ஒருநாள் அதே மழை பெய்திருந்தால் வட்டம் தாங்கியிருக்குமா என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்த இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. பழைய உடைப்பின் இடம் கொப்பியில் 'உறுதி' என்று குறிக்கப்பட்டிருந்தது. ஏழு ஆவணி மாதங்களில் அங்கே பச்சைத் திட்டு பதிவாகியிருந்தது. களிமண்ணை மறுத்ததும் மறுமுனையை வெட்டுவதை மறுத்ததும் அந்த இரவின் தீர்மானங்கள். இடத்தை அறிந்திருந்தது பத்தாண்டுப் பழக்கத்தின் பலன்.

சில வாரங்களில் அந்த இடத்தையும் விட்டுப் போனோம். 2009 தையில் கல்மடுக் குளத்தின் கட்டு போரின் நடுவே உடைக்கப்பட்டது. அது பற்றி அவர் என்னிடம் ஒருபோதும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

கொப்பிகள் பிழைத்த விதம்

பொருட்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டு போன அந்த மாதங்களில் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, நகை இருந்த பொலித்தீன் பையிலேயே கொப்பிகளையும் மனைவி வைத்திருந்தார். இடம்பெயர்ந்தோரைத் தங்கவைத்த செட்டிகுளம் முகாமுக்குள் அவை வந்து சேர்ந்தது அப்படித்தான். அந்த ஆண்டு ஆவணி மழை கூடாரங்களுக்குள் புகுந்தபோது அவர் இளைஞர்களைச் சேர்த்துக் கூடார வரிசைகளுக்கிடையே வடிகால் வெட்டினார். நீர் எந்தப் பக்கம் சரியும் என்பதை ஒரு ஒளிபுகும் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பார்த்துச் சொன்னார். ஓய்வுபெறும் வயதை அவர் எட்டியதும் அந்த முகாமில்தான்.

மீள்குடியேற்றத்தின் பின் குளங்களைத் திருத்தும் பணிகள் வந்தபோது கட்டைப் பற்றி அலுவலகத்தில் எந்தக் காகிதமும் இல்லை. ஒப்பந்த அடிப்படையில் அழைக்கப்பட்ட அவர், கொப்பியைப் பார்த்துத் துருசுச் சுவரிலிருந்து அளந்து ஓரிடத்தில் முளை அடித்தார். கைத் துளைகருவியால் எடுத்த மண், இருபுறத்து மண்ணோடு பொருந்தாமல், மணல் மிகுந்ததாக வந்தது. பழைய உடைப்பின் எல்லை அதுவே. அந்தப் பகுதியைப் பிரித்துக் களிமண் உட்சுவரோடு மீளக் கட்டினார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இரணைமடு நீரைக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் 2010க்குப் பின் சர்ச்சையானபோது, குடாநாட்டில் பிறந்து வன்னியில் வாழ்ந்தவர் என்பதால் இரு தரப்பும் அவரைத் தங்கள் பக்கம் இழுத்தன. வரண்ட ஆண்டுகளின் கணக்கை முன்வைத்து, அந்த ஆண்டுகளில் இரண்டு தேவைக்கும் நீர் போதாது என்று மட்டும் சொன்னார். இரு தரப்பும் அதிருப்தியடைந்தன. பின்னர் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் வழி தெரிவுசெய்யப்பட்டது. 2018 மார்கழி வெள்ளத்தின் பின்னும் இரணைமடுவின் கதவுகள் பற்றிக் கருத்துக் கேட்டு வந்தவர்களிடம், மணித்தியால வாசிப்புகளைப் பார்க்காமல் பேசமாட்டேன் என்று திருப்பி அனுப்பினார்.

அவர்மேல் உள்ள குறைகள்

கமக்காரர் எல்லோரும் அவரைப் புகழவில்லை. அதை மறைத்தால் ஆய்வு ஆய்வாகாது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர் இறுக்கமானவர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் ஆவியாகும், நான்கு மாதத்தில் அதுவே இரண்டடி என்று கணக்குச் சொல்லிப் பரப்பைக் குறைப்பார். ஒரு பருவத்தில் அறுவடை முடிந்தும் குளத்தில் கணிசமான நீர் மிஞ்சியது. அந்த ஆண்டு விதைக்கக் கிடைக்காத கமக்காரர் ஒருவர், "ஐயா தண்ணியச் சேமிச்சார், நாங்கள் கடனைச் சேமிச்சம்" என்றார். வானின்மேல் இரவோடிரவாக மண்மூட்டை அடுக்கி நீரை உயர்த்த முயன்றவர்களுடன் அவருக்கு ஆண்டுதோறும் மோதல். மூட்டை விடயத்தில் சரி அவர் பக்கமே. பரப்பளவு விடயத்தில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மழை முன்னறிவிப்பு இல்லாத காலத்தில் எச்சரிக்கையின் விலையை எப்போதும் வாய்க்கால் கடைக்கோடியில் இருந்தவர்களே கொடுத்தார்கள்.

இரண்டாவது குறை பெரியது. இத்தனை அறிவையும் அவர் அலுவலகப் பதிவாக மாற்றவில்லை. இருமுறை கோப்புகளை இழந்தவருக்கு அலுவலக அலுமாரியில் நம்பிக்கை இல்லாமற் போனதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் அமைதி வந்த பின்னும் கொப்பிகள் வீட்டு அலுமாரியிலேயே இருந்தன. அவர் உருவாக்கிய சுருக்கக் குறிகளுக்கு விளக்க அட்டவணை இல்லை. 'ப.தி.' பச்சைத் திட்டு, 'க.' கலங்கல் என்பவை எனக்குத் தெரியும். 'மா.க.' என்பது மாமியாரின் கணக்கு என்று மூத்த மகள் சொல்லித்தான் அறிந்தேன். சிறு வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்து அவர் குறித்த இடங்கள் பல இருக்கின்றன. அது என்னவென்று எங்களில் எவருக்கும் தெரியாது.

கொப்பிகளை மூத்த மகள் இப்போது படம்பிடித்து வருகிறார். அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்து மாணவர் சிலர் மழை வாசிப்புகளைக் கணினியில் ஏற்ற உதவுகிறார்கள். புள்ளி வட்டம் குறித்த இடங்களை ஆவணியில் கட்டில் நடந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். முதலாவது துருசிலிருந்து இடப்புறமாக 210 அடியில் இருக்கிறது.